சனிக்கிழமைகளில் நடக்கிற வீடு

எங்கட வீடு ஜேர்மனிப் பக்கமா நடக்கத் தொடங்கினது, இராசமலர் முதன்முதலா அங்க போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பின சனிக்கிழமை பின்னேரம். வீடெண்டால் ஏதோ குருவிக்கூடு மாதிரி நினையாதேங்கோ, மூண்டு மாடி, ஆறு குடும்பம், மஞ்சள் சுவர், பச்சை யன்னல், அடியில உடுப்புத் தோய்க்கிற நிலவறை, அவ்வளவையும் சேத்துத் தூக்கிக்கொண்டுதான் அது வெளிக்கிட்டது. ஏன் நடந்தது எண்டு கேட்டால் இப்ப என்னட்ட மறுமொழி இருக்கு, அப்ப இருக்கேல்லை, அப்ப நாங்கள் கேட்டதெல்லாம் இனித் தபால்காரன் எங்க வருவான், குப்பைப் பையை எங்க வைக்கிறது எண்டதுதான்.

ஓபர்லிண்டன் எண்டிறது சுவிசின்ர ஓரத்தில இருக்கிற சின்ன ஊர். மேல் நுனியில ஒரு குன்று, கீழ் நுனியில எங்கட வீடு, வீட்டுக்கு முன்னால உருளைக்கிழங்குத் தோட்டம், தோட்டம் முடியிற இடத்தில ஒரு ஓடை, ஓடைக்கு அங்கால ஜேர்மனி. இஞ்ச சம்பளம் எடுத்து அங்க சாமான் வாங்கிறதுதான் சீவியம் எண்டு எங்கட சனம் எப்பவோ கண்டுபிடிச்சிட்டுது. ஊர் மண்டபத்தில 'நாங்கள் உள்ளூரில வாங்குகிறோம்' எண்டு இந்தப் பெரிய பதாகை கட்டித் தொங்கவிட்டிருக்கினம், நாங்கள் அதுக்குக் கீழாலதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வான் வண்டியில போறது.

எல்லையில ஒரு சட்டம் இருக்கு: இறைச்சி தலைக்கு ஒரு கிலோ. தலையெண்டால் தலைதான், பெரிய தலை சின்னத் தலை எண்ட பாகுபாடு இல்லை. ஆனபடியால் வெள்ளிக்கிழமை பின்னேரமே என்ர கதவு தட்டுப்படும். "வேணியக்கா, உங்கட சின்னவனை நாளைக்கு ஒருக்காத் தாங்கோ, ஆட்டிறைச்சி கூட எடுக்க வேணும்." பிள்ளையை இரவல் குடுக்கிறதும் வாங்கிறதும் எங்களுக்குச் சீனி, தேயிலை குடுத்து வாங்கிற மாதிரி. பிறந்து முப்பத்தொண்டு நாள் கழியாத குழந்தையும் ஒரு கிலோ பெறும்.

வான் லோகண்ணையின்ரை. மேல் மாடியில இருக்கிற மனுசன், எந்தக் கடையில எந்தக் கிழமை எது மலிவெண்டு தூக்கத்தில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அவர்தான் அந்தச் சனிக்கிழமை இராசமலரின்ர கதவில போய் நிண்டார். "பிள்ளை, ஒரு தலை குறையுது. வாறியே?"

இராசமலர் எனக்கு முன்வீடு. அவளுக்கு முந்தி இருந்த அகதி அட்டையோட எல்லை தாண்டக் கூடாது, பேந்து அட்டை மாறினது, மாறியும் அவள் போகேல்லை. குசினி யன்னலால பாத்தா ஜேர்மனியில மாடு மேயிறது தெரியும், அவ்வளவு கிட்ட, ஆனா அவளுக்கு ஒரே பயம். ஒரு காலை அங்க வைச்சு மற்றக் காலைத் திரும்ப இஞ்ச வைக்க விடாட்டி என்ன செய்யிறது எண்டுவாள். ஓடி வந்த சனத்துக்கு அந்தப் பயம் லேசில போகாது, அதை நான் நக்கலடிக்க மாட்டன். ஆனா லோகண்ணைக்கு இல்லையெண்டு சொல்லத் தெரியாமல் அண்டைக்கு வானில ஏறிட்டாள், அவளின்ர மனுசன் குலேந்திரன் பேக்கரி வேலை முடிஞ்ச நித்திரைக் கண்ணோட பின்னால ஏறினான்.

அந்தக் கடைக்குள்ள அவள் நிண்ட நிலையை நீங்கள் பாத்திருக்க வேணும்! கோழித்தொடைக்கு முன்னால நிண்டு விலையை வாசிச்சாள், திருப்பி வாசிச்சாள், என்ர கையைப் பிடிச்சு இழுத்தாள்.

"அக்கா, இது ஒரு தொடையின்ர விலையோ?"

"இல்லையடி, முழுப் பைக்கும்."

"அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் அங்கால என்ன கண்டறியாத சீவியம் சீவிச்சனாங்கள்?"

அவள் போட்ட சத்தத்துக்குப் பால் பெட்டி அடுக்கிக்கொண்டு நிண்ட பெடியன் திரும்பிப் பாத்தான். அதுக்குப் பிறகு அவளைப் பிடிக்க ஏலாமல் போச்சு, பால், தயிர், முட்டை, சவர்க்காரம், பூக்கோவா, பூக்கோவாவுக்குப் பக்கத்தில இன்னொரு பூக்கோவா, தேவையோ தேவையில்லையோ ரெண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டாள், சிரிச்சாள், குலேந்திரனுக்கு ஒரு சோடி சப்பாத்து எடுத்தாள், எனக்கு ஒரு கொத்துப் பூ வாங்கித் தந்தாள், அவளுக்கு அப்பிடி ஒரு முகம் இருக்கிறது எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். ஆனா திரும்பி வரேக்கை எல்லையில கார் வரிசை நீண்டுபோய் நிண்டது, அங்கால சீருடைக்காரர் நிக்கிறதைக் கண்டவுடன அந்த முகம் செத்துப்போச்சு. என்ர கையை நசிச்சுப் பிடிச்சுக்கொண்டு, "அக்கா, எனக்கு வீட்ட போக வேணும், எனக்கு வீட்ட போக வேணும்" எண்டு சொல்லிக்கொண்டேயிருந்தாள். சீருடைக்காரன் தலையை எண்ணினான், இறைச்சியைப் பாத்தான், போ எண்டு கையைக் காட்டினான்.

வீட்ட வந்தால் வீடு பழைய இடத்தில இல்லை. தோட்டத்துக்குள்ள ஒரு பெரிய எட்டு எடுத்து வைச்சு நிண்டது. பழைய வாசலில தபால் பெட்டியள் மட்டும் தனியா நிண்டுது. கீழ்வீட்டு ஹூர்லிமான் அம்மா, எங்கட கட்டடத்தைப் பாக்கிற சுவிஸ் மனுசி, வெளியில கதிரை போட்டுக் கோப்பி குடிச்சுக்கொண்டிருந்தா. "வணக்கம், வீடு நடந்தது" எண்டா. "நான் இப்பத்தான் படி கழுவினனான், அதையாவது யோசிச்சிருக்கலாம்."

ஊர் இதை எப்பிடி எடுத்தது எண்டு கேட்டால், ஊர் எதையும் எடுக்கிற மாதிரித்தான் எடுத்தது. தண்ணிக் குழாய் தானே நீண்டு குடுத்தது, மின்சாரக்காரர் வந்து நீளக் கம்பி போட்டவை, கிழங்குத் தோட்டக்காரன் கோவத்தோட வந்தான், ஒரு செடிகூட நசியாமல் வரிசைக்கு நடுவில பாத்துப் பாத்து மிதிச்சிருக்கிறதைக் கண்டு போட்டு, இது என்ர மகனைவிடக் கவனம் எண்டு சொல்லிப்போட்டுப் போனான். ஊர் மண்டபத்தில கூட்டம் வைச்சு, நடக்கிற வீடு வாகனமோ கட்டடமோ எண்டு விவாதிச்சு, சில்லு இல்லாதபடியால் வாகனமில்லை, குலைக்காதபடியால் நாய்வரியும் இல்லை எண்டு முடிவெடுத்தவை. ஹூர்லிமான் அம்மா படிக்கட்டில ஒரு அறிவித்தல் ஒட்டினா: மதிய ஓய்வு நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வீடு நடக்கக் கூடாது. வீடும் அதுக்குக் கட்டுப்பட்டுச் சனிக்கிழமை பின்னேரங்களில மட்டும் நடந்தது.

எங்கட சனத்தின்ர புளுகத்தை, பூரிப்பை நான் என்னெண்டு சொல்ல! சூரிச்சில இருந்து, பேர்னில இருந்து, லொசானில இருந்தெல்லாம் வான் வானா வந்து இறங்கி, புது வாகனத்துக்கு வைக்கிற மாதிரி எலுமிச்சம்பழம் வைக்கப் பாத்து, எது கால் எண்டு தெரியாமல் நாலு மூலையிலயும் வைச்சு, தேங்காய் உடைச்சு, கற்பூரம் கொளுத்தி, படம் எடுத்து, கீழ எங்களிட்டத் தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போச்சினம். வாடகைக்கு அறை இருக்கோ எண்டு கேக்காத ஆளில்லை. லோகண்ணை மொட்டைமாடியில ஏறி நிண்டு கப்பல் கப்டன் மாதிரி ஓடையைப் பாத்துக்கொண்டு நிப்பார். "பாருங்கோ, விசாவும் இல்லை, வரிசையும் இல்லை, தலையெண்ணிற வேலையும் இல்லை, வீடே எங்களைக் கூட்டிக்கொண்டு போகுது! கோழித்தொடை வாசல்படியில!"

இராசமலருக்கு மட்டும் புளுகம் இல்லை, கோவம் இருந்தது. அண்டையில இருந்து அவள் ஒரு சனிக்கிழமையும் விடாமல் எங்களோட அங்க வந்தாள், எல்லாத்தையும் அங்கத்தையோட ஒப்பிடுகிற அந்த வருத்தமும் அவளுக்குப் பிடிச்சிட்டுது. எங்கள் எல்லாருக்கும் ஒருக்கா வந்து மாறினதுதான், இவளுக்குப் பிந்தி வந்தபடியால் உக்கிரமா வந்தது, வளந்த ஆளுக்கு வாற கொப்புளிப்பான் அம்மை மாதிரி. ஊர்க் கடையில பூக்கோவாவைக் கண்டாலும் கோவம், தலைமயிர் வெட்டப் போனாலும் கோவம், பல்லுக் கொதிச்சாலும் கோவம், பல்லுக்கொதியைவிடப் பல்வைத்தியரை நினைச்சு இன்னும் கோவம். ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்கக் கூடாது, மிளகாய்த்தூள் இடிக்கக் கூடாது, வெறும் போத்தலைப் போத்தல் பெட்டிக்குள்ள போடக் கூடாது, உடுப்புத் தோய்க்கிற முறை ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, அதுக்கும் நிலவறைக் கதவின்ர திறப்பு வாங்கி, திறப்புக் குடுத்து, மெசினுக்குள்ள ஒரு நூல் கிடந்தாலும் ஹூர்லிமான் அம்மாவிட்டப் பேச்சு வாங்கி. எல்லாத்துக்கும் "அங்க எண்டால்" எண்டு தொடங்குவாள். அங்கயும் ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்க ஏலாது, ஆனா அந்த நேரம் அவளுக்கு அதை ஆர் சொல்லுறது?

ஓடை கிட்ட வரவரத்தான் அவள் இன்னும் எத்தினை எட்டு மிச்சமெண்டு எண்ணத் தொடங்கினாள். அவள் எங்கட ஊரில சுவிஸ் குடியுரிமை கேட்டிருந்தாள். இந்த நாட்டில அதை முதலில குடுக்க வேண்டியது ஊர், ஊர்க் குழு கூப்பிட்டு வைச்சுக் கேள்வி கேக்கும், அது வரைக்கும் ஊரெல்லைக்குள்ள விடாமல் குடியிருந்திருக்க வேணும், விட்டால் திரும்ப முதலில இருந்து. இராசமலருக்கு அந்தச் சிவப்புப் பாஸ்போர்ட் பெருமைக்கில்லை. தங்கச்சி தர்மமலர் ரொறன்ரோவில, சிறுநீரகம் பழுது, ரத்தம் கழுவிற மெசினை விட்டு அசைய ஏலாது. அக்காவும் தங்கச்சியும் கடைசியாக் கண்டது வவுனியா பஸ் நிலையத்தில. இவள் ரெண்டு தரம் விசாக் கேட்டுக் கிடைக்கேல்லை, சிவப்புப் பாஸ்போர்ட் இருந்தால் விசா வேண்டாம்.

"வீடு ஓடையைத் தாண்டிச்சுதெண்டால் நான் படுத்த படுக்கையில ஜேர்மன்காரி அக்கா" எண்டு என்ர குசினியில இருந்து அழுதாள். "பேந்து முதலில இருந்து எத்தினை வருசம்? தர்மம் அவ்வளவு காலம் இருப்பாளோ? எல்லாம் என்ர வாயாலதான். நான் அங்க எண்டால், அங்க எண்டால் எண்டு சொல்லச் சொல்ல, வீடு கேட்டுக்கொண்டு இருந்திருக்கு."

எங்களுக்கும் அதுதான் சரியெண்டு பட்டது. உடன ஒரு கட்டுப்பாடு போட்டம்: வீட்டுக்குள்ள ஆரும் முறைப்படக் கூடாது, விலை எண்ட சொல்லு வாயில வரக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லாரும் படிக்கட்டில இருந்து இந்த ஊரைப் பற்றி நல்லதாச் சொல்ல வேணும். முதல் ஞாயிறு எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டிருந்தம்.

"பஸ் நேரத்துக்கு வரும்" எண்டார் லோகண்ணை.

"தண்ணி நல்லது" எண்டன் நான்.

"தண்ணி நல்லதுதான், ஆனா தண்ணிப் பில்லு..."

"லோகண்ணை!"

"சரி, சரி. பஸ் நேரத்துக்கு வரும்."

குன்று வடிவெண்டு ஆரோ சொல்லிச்சினம். அங்க மேல என்ன இருக்கு எண்டு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. அவ்வளவு வருசம் இருந்தும் நாங்கள் ஒருத்தரும் அந்தக் குன்றில ஏறிப் பாத்ததில்லை, ஜேர்மன் கடையில கொத்தமல்லி எத்தினையாம் தட்டில இருக்கெண்டு மட்டும் தெரியும்.

புகழ்ந்தும் பிரயோசனமில்லை. அடுத்த சனிக்கிழமையும் நடந்தது, அதுக்கு அடுத்ததும் நடந்தது, ஓடைக்கு ஒரு எட்டுத்தான் மிச்சம் எண்ட நிலையில ஊர்க் குழு இராசமலருக்கு அடுத்த வியாழன் வா எண்டு நாள் குறிச்சது. நாங்கள் எங்கட சனம் செய்யிறதைச் செய்தம், குழுவுக்கு மட்டன் ரோல்ஸ் கொண்டுபோறதெண்டு முடிவெடுத்தம். மட்டன் வேணுமெண்டால் எங்க போறது? ஜேர்மனிக்குத்தான். வாயே திறக்கிறேல்லை எண்டு சத்தியம் பண்ணிப்போட்டு இராசமலரும் வானில ஏறினாள், தலை குறையக் கூடாதெல்லே.

நான் போகேல்லை. அண்டைக்கு என்ர உடுப்புத் தோய்க்கிற முறை, அதை விட்டால் பேந்து ரெண்டு கிழமைக்கு ஊத்தை உடுப்போட திரிய வேணும். மெசினைப் போட்டிட்டு வந்து பலகணியில தேத்தண்ணியோட நிண்டன். அங்கால எல்லையில கார் வரிசை தெரிஞ்சுது. அப்பத்தான் கண்டன், என்ர கோப்பைக்குள்ள தேத்தண்ணி நடுங்குது. வீடு ஒரு பக்கம் மெல்லச் சரிஞ்சு, காலைத் தூக்கி, ஒரு துளி சிந்தாமல் கவனமா முன்னால வைச்சுது. நான் பாத்தன், அது ஜேர்மனியைப் பாக்கேல்லை, கடையளைப் பாக்கேல்லை, அந்தக் கார் வரிசையைப் பாத்துக்கொண்டு நிண்டது, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வாசலில வந்து நிக்கிற தாய் மாதிரி. உடன இராசமலருக்கு ரெலிபோன் அடிச்சன்.

"எடி, எங்க நிக்கிறியள்?"

"வரிசையிலதான் அக்கா."

"இப்ப என்ன சொன்னனீ? முறைப்பட்டனியோ?"

"ஐயோ, தர்மத்தின்ர தலையில அடிச்சுச் சொல்லுறன், இல்லை."

"பின்னை என்ன சொன்னனீ?"

"ஒண்டுமில்லை அக்கா, சீருடைக்காரரைக் கண்டவுடன வழமைபோல... எனக்கு வீட்ட போக வேணும் எண்டு சொன்னன்."

வீடு மற்றக் காலைத் தூக்கினது.

"வாயை மூடு! வாயை மூடு! அதை மட்டும் சொல்லாதை!"

அப்பத்தான் எனக்கு எல்லாம் விளங்கினது, அவளின்ர முறைப்பாட்டை இந்த வீடு ஒரு நாளும் காதில வாங்கேல்லை, அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வரிசைக்குள்ள கிடந்து வீட்ட போக வேணும், வீட்ட போக வேணும் எண்டு பதறினதைத்தான் கேட்டது, கேட்டுப் பொறுக்க ஏலாமல் அவளைக் கூட்டிக்கொண்டு வர வெளிக்கிட்டிருக்கு. நாங்கள் விசரர் மாதிரிப் படிக்கட்டில இருந்து பஸ்ஸையும் தண்ணியையும் புகழ்ந்திருக்கிறம்.

"வீட்டை நினையாதை" எண்டு கத்தினன். "வானுக்குள்ள இருக்கிற ஒருத்தரும் வீட்டை நினையாதேங்கோ!"

"நினையாதை எண்டால் என்னெண்டு அக்கா நினையாமல் இருக்கிறது?" எண்டு அவள் அழுதாள். பின்னுக்கிருந்து குலேந்திரன், "நான் கோழியைத்தான் நினைக்கிறன்" எண்டு சொன்னது கேட்டுது. வீட்டின்ர கால் ஓடைக்கு மேல தொங்கினது, அடியில தண்ணி ஓடுறது என்ர பலகணியால தெரிஞ்சுது, ஹூர்லிமான் அம்மா கீழ கதிரையோட சரியப் பாத்து யன்னல் சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு, "இது குத்தகை ஒப்பந்தத்தில இல்லை!" எண்டு கத்தினா.

"லோகண்ணை, வானைத் திருப்புங்கோ! மலைப்பாதையால சுத்தி ஊருக்கு மேலால வாங்கோ!"

"அது காட்டுக்குள்ளால பெரிய சுத்துப் பிள்ளை, டீசல்..."

"உங்கட டீசலில இடி விழ! திருப்புங்கோ!"

திருப்பினார். வான் ஓடை வளையிற பக்கமா வளைஞ்சு போக, தூக்கின காலை வீடு மெல்லத் திரும்ப எடுத்தது. பேந்து வான் போற பக்கமெல்லாம் அதுவும் திரும்பினது, ஆடி ஆடி, யன்னல் கண்ணாடியெல்லாம் கிலுங்க, இருவது வருசமா ஜேர்மனியைப் பாத்துக்கொண்டிருந்த எங்கட குசினியள் முதன்முதலா ஊரைப் பாத்துது. எனக்கு வந்த சந்தோசத்துக்கு நான் கையைத் தட்டிக் கத்தினன். "வாடி இராசமலர், இப்ப நினை, வடிவா நினை!" வீடு கிழங்குத் தோட்டத்தைத் தாண்டி, தன்ர பழைய குழியைத் தாண்டி, பெருந்தெருவில பஸ்சுக்கு வழி விட்டு, கோடு போட்ட இடத்தில ஒரு கிழவரும் நாயும் கடக்குமட்டும் பொறுத்து, பேந்து புல்லுச் சரிவில ஏறத் தொடங்கினது. நிலவறையில என்ர உடுப்பு சுழண்டுகொண்டே இருந்தது.

குன்றின்ர உச்சியில ஒரு சின்னக் கோயில், ஒரு ஊற்று, ஆக்கள் இருக்கிறதுக்கு ஒரு மர வாங்கு. வாங்கில இராசமலர் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இருக்கிறாள், லோகண்ணையும் குலேந்திரனும் பக்கத்தில புல்லில. அவளுக்குப் பக்கத்தில ஆர் தெரியுமோ? சும்ஸ்டைன்! ஊர்க் குழுவின்ர தலைவர், அந்தப் பதாகையைத் தன்ர கையால கட்டின மனுசன், மடியில ஒரு குழந்தை, காலடியில ரெண்டு பிள்ளையள், பக்கத்தில நாலு குளிர்ப்பை. ஊர்ச்சனம் காணக்கூடாதெண்டு அந்த மனுசனும் ஜேர்மனியால மலைப்பாதையில வந்திருக்கு.

"எல்லாம் உங்கட பேரப்பிள்ளையளோ?" எண்டு நான் பலகணியில நிண்டு கேட்டன்.

மனுசன் நல்லாச் சிவந்துபோனார். "ரெண்டு என்ரை" எண்டார். "மற்றது பக்கத்து வீட்டான்."

லோகண்ணை புல்லில விழுந்து விழுந்து சிரிச்சார். சும்ஸ்டைனும் அடக்கிப் பாத்து ஏலாமல் சிரிச்சார், ஆட்டிறைச்சியின்ர விலையைச் சொல்லிச் சிரிச்சார், பல்வைத்தியரைச் சொல்லிப் பல்லைக் கடிச்சார், இராசமலர் பூக்கோவாவைச் சொன்னாள், அவர் வாங்கில கையால அடிச்சார். வீடு வந்து வாங்குக்குப் பக்கத்தில குந்தினது. அதுக்குப் பிறகு அது அங்கயே இருந்திட்டுது, தபால்காரன் மட்டும் ஒரு கிழமை கோவமா இருந்தான்.

வியாழக்கிழமை நானும் ரோல்ஸ் பெட்டியோட ஊர் மண்டபத்தில பின்வரிசை வாங்கில இருந்தன். ஐஞ்சு பேர் குழு. சும்ஸ்டைன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எங்கட ஊரில ஆக உயரமான இடம் எது?" எண்டு கேட்டார்.

"எங்கட வீடு" எண்டாள் இராசமலர். ஆரும் மறுக்க ஏலாது.

குழுவில ஒரு மெலிஞ்ச மனுசி மூக்கைச் சுளிச்சுக்கொண்டு கேட்டா, "இந்த ஊரில உங்களுக்குப் பிடிக்காதது என்ன? நேர்மையாச் சொல்லுங்கோ." இராசமலர் என்னைத் திரும்பிப் பாத்தாள், மூச்சை இழுத்தாள், இழுத்து விட்டாளே பாக்க வேணும்! கோழித்தொடையில தொடங்கி, பூக்கோவாவில ஏறி, தலைமயிர், பல்லு, போத்தல் பெட்டி, உடுப்புத் தோய்க்கிற முறை எண்டு ஒண்டும் விடாமல், அழுகையும் கோவமுமா, தன்ர கொச்சை ஜேர்மன் மொழியில கொட்டித் தீர்த்தாள். பேந்து அந்த மெலிஞ்ச மனுசி மேசையில தட்டி, "உடுப்புத் தோய்க்கிற முறை! நான் கலியாணம் கட்டின நாளில இருந்து சொல்லிக்கொண்டு வாறன்!" எண்டா. அதோட அணை உடைஞ்சது. ஐஞ்சு பேரும் ஒரே நேரத்தில கத்தத் தொடங்கிச்சினம், ஒருத்தர் ஜேர்மனியில எந்தக் கடையில தொடை மலிவெண்டு இராசமலரிட்டக் கேட்டார், அவள் லோகண்ணையின்ர நம்பரைக் குடுத்தாள், ரோல்ஸ் பெட்டி கை மாறிக் கை மாறிப் போய் வெறும் பெட்டியா என்னட்ட வந்தது.

"எனக்கு வேற கேள்வி இல்லை" எண்டார் சும்ஸ்டைன். "இப்பிடி முறைப்படுகிற ஆளை வெளியாள் எண்டு நான் என்னெண்டு சொல்லுறது?"

சிவப்புப் பாஸ்போர்ட் அடுத்த வருசம் பனி உருகிற நேரம் வந்தது. இராசமலர் ரொறன்ரோவுக்கு வெளிக்கிட்ட அண்டு எங்களுக்கு ஒரே பதகளிப்பு. ஓடைக்கு அங்கால நிண்டு நினைச்சதுக்கே அவ்வளவு தூரம் நடந்த வீடு, சமுத்திரத்துக்கு அங்கால நிண்டு வீட்ட போக வேணும் எண்டு அவள் அழுதால் என்ன செய்யும்? லோகண்ணை மொட்டைமாடியில மிதவை வளையங்கள் கொண்டுவந்து வைச்சார். ஹூர்லிமான் அம்மா புது அறிவித்தல் ஒட்டினா: கடலுக்குள் இறங்குவதாக இருந்தால் முன்கூட்டியே யன்னல்களைப் பூட்டவும். நாங்கள் தேத்தண்ணிக் கோப்பையை அரைவாசிக்கு மேல நிரப்பாமல் காத்துக்கொண்டிருந்தம்.

வீடு அசையேல்லை. முதல் கிழமை அசையேல்லை, ரெண்டாம் கிழமையும் அசையேல்லை, சனிக்கிழமை பின்னேரம் வந்து போச்சு, கோப்பைக்குள்ள தேத்தண்ணி ஆடாமல் கிடந்தது. எனக்குப் பயம் பிடிச்சிட்டுது, வீட்டுக்கு ஏதும் வருத்தமோ எண்டு சுவரில கையை வைச்சுப் பாத்தன், பேந்து அவளுக்கே அடிச்சன்.

"எடி, உனக்கு அங்க சுகமோ? வீட்டு நினைப்பு வரேல்லையோ?"

பின்னால ரத்தம் கழுவிற மெசினின்ர சத்தம் கேட்டுது. அதுக்கு மேலால ரெண்டு பேர் சிரிக்கிற சத்தம், ரெண்டும் ஒரே சிரிப்பு, எது அக்கா எது தங்கச்சி எண்டு பிரிக்க ஏலாது.

"வரேல்லை அக்கா" எண்டாள். "மறந்தே போனன்."

எங்களையும் சேத்து மறந்தவளை நான் ஏசியிருக்க வேணும். எனக்கு அழுகைதான் வந்தது. "அப்பிடியே இரடி, குஞ்சு" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன்.

அவள் திரும்பி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவும் மதிய ஓய்வு நேரம். சோறு தின்னுகொண்டிருக்கேக்கை கோப்பை ஆடினது. ஹூர்லிமான் அம்மா கதவைத் திறந்து அறிவித்தலைப் பாத்தா, வீட்டைப் பாத்தா, பேந்து கதிரையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தா. வீடு குன்றால இறங்கி, புல்லுச் சரிவால வழுக்கி, பதாகையை உரஞ்சிக்கொண்டு ஊர் மண்டபத்தைத் தாண்டி, நாங்கள் எல்லாரும் யன்னலால எட்டிப் பாத்துக் கூக்காட்ட, பஸ் தரிப்பில போய் நிண்டது. பஸ் நேரத்துக்கு வந்தது.

இராசமலர் பெட்டியோட இறங்கினாள். மெலிஞ்சிருந்தாள், கண் வீங்கியிருந்தது, தங்கச்சியின்ர மஞ்சள் சால்வையைச் சுத்தியிருந்தாள். மேல நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்ட எங்களை அவள் பாக்கேல்லை. நேர வந்து வீட்டின்ர சுவரில உள்ளங்கையை வைச்சாள்.

"ஏன் இவ்வளவு தூரம் வந்தனீ?" எண்டாள். "நான் வருவன்தானே."